போதிகையைப் படித்தவர்கள்

கட்டடக்கலைக் கல்லூரியில் நான் சேர்ந்த முதலாண்டில் எங்களுக்கு முதன்முதலாக இடப்பட்ட பணி, கிரேக்கத் தூண்களின் மூன்று வகைகளான டோரிக், அயோனிக், கொரிந்தியன் ஆகியவற்றைப் பெரிய தாளில் பென்சிலால் வரைந்து, பின்னர் மையிட்டு முடிப்பது. அயோனிக் தூணின் தலையில் ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்டு கிடக்கும் சுருளைக் காம்பஸின் முள்ளை மையம் மாற்றி மாற்றி ஊன்றி வரைந்து முடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரக் கடைசியில் ஊருக்குச் சென்றிருந்தபோது, சிறுபிராயம் முதல் ஓடி விளையாடிய சிவன் கோயிலின் முன்மண்டபத்தில் ஒரு தூணில் சாய்ந்தவாறு அண்ணாந்து பார்த்த நான், அத்தூணின் உச்சியிலிருந்து இருபுறமும் கை நீட்டி உத்தரத்தைத் தாங்கி நின்ற கல்லுக்கு என்ன பெயர் என்பதுகூட எனக்குத் தெரியாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். ஏதென்ஸ் நகரத்துத் தூணின் தலை எனக்குப் பாடமாயிருந்தது. எங்கள் ஊர்த் தூணின் தலையோ எனக்கு வெறும் நிழலாக மட்டுமே இருந்து வந்திருந்தது. கல்லூரியில் அதைப்பற்றி ஒருவரும் சொல்லவில்லை என்பது உண்மை. நானும் கேட்கவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

அந்தக் கல்லுக்குப் போதிகை என்று பெயர். கல் பளுவைத் தாங்குவதில் வல்லது, வளைவதில் வல்லதன்று. இரண்டு தூண்களுக்கிடையே கிடத்தப்படும் கல் உத்தரம் நீளம் மிகுந்தால் நடுவில் விண்டுபோகும். ஆகையால் தூணின் தலையில், அதைவிட அகலமாக இருபுறமும் நீண்ட ஒரு கல்லை வைத்து, உத்தரம் தாங்கலின்றிக் கிடக்கும் இடைவெளியை ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முழம், ஒன்றரை முழம் குறைத்துக்கொள்வது நம் முன்னோர் கண்ட உபாயம். மரவேலையில் தச்சர் செய்துவந்த இந்த உபாயமே பின்னர் கல்லுக்கும் வந்தது என்று கொள்ளுதல் பொருந்தும். பயன் கருதி வைத்த கல்லாயினும், சிற்பியின் கை அதைச் சும்மா விட்டுவிடவில்லை. நூற்றாண்டுக்கு நூற்றாண்டு அதன் விளிம்பு மாறிக்கொண்டே வந்தது. அந்த மாற்றத்தை வரிசைப்படுத்திப் பார்க்கத் தெரிந்தவனுக்கு, கல்வெட்டே இல்லாத கோயிலும் தன் வயதைச் சொல்லிவிடும். இப்படிப் பார்க்கக் கற்றவர்கள் யார், அவர்கள் கற்றது எவ்வாறு பல்கலைக்கழகப் பாடமாயிற்று, அல்லது ஆகாமற்போயிற்று என்பதே இங்கு நான் எழுதப் புகுந்த விஷயம்.

இந்தக் கதை ஒரு தஞ்சாவூர்க்காரரிடம் தொடங்குகிறது. ராம்ராஸ் என்பது அவர் பெயர். 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தஞ்சையில் எளிய குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலம் கற்று, கும்பினியின் இராணுவக் காரியாலயங்களில் குமாஸ்தாவாக இருந்து, பின்னர் சென்னைக் கோட்டைக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியராகி, முடிவில் பெங்களூரில் நீதிபதியாக அமர்ந்தவர். சென்னை சிவில் உத்தியோகஸ்தராயிருந்த ரிச்சர்டு கிளார்க் என்னும் ஆங்கிலேயர், இந்துக்களின் சிற்ப சாஸ்திரங்களைத் தேடி ஆராயுமாறு அவரைத் தூண்டினார். நீதிமன்ற வேலைக்கு இடையே கிடைத்த ஓய்வில் ராம்ராஸ் மானசாரம், மயமதம், காசியபம் முதலிய கிரந்தங்களின் ஏட்டுப் பிரதிகளைத் தேடிச் சேர்க்கலானார். கிடைத்தவை பெரும்பாலும் சிதைந்தவை, அத்தியாயங்கள் அறுந்தவை, எழுதியவர் பிழையோடு படியெடுத்தவர் பிழையும் சேர்ந்து பெருகியவை.

ஆனால் அவருக்கு நேர்ந்த மெய்யான இடர் வேறு. ஏடு கிடைத்ததும் அதைப் பண்டிதர்களிடம் கொண்டுபோனார். வியாகரணமும் தர்க்கமும் கரைத்துக் குடித்த அவர்களுக்குச் சுலோகத்தின் பதம் பிரிக்கத் தெரிந்ததே தவிர, குமுதம் என்றும் கண்டம் என்றும் பட்டிகை என்றும் வரும் சொற்கள் கட்டடத்தின் எந்த உறுப்பைக் குறிக்கின்றன என்பது தெரியவில்லை. குமுதம் என்றால் அவர்களுக்கு ஆம்பல் மலர்தான். சரி என்று சிற்பிகளிடம் போனால், கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தின் நடுவே உருண்டோ, முப்பட்டையாகவோ ஓடும் வரியைத் தொட்டுக் காட்டி இதுதான் குமுதம் என்று சொல்ல அவர்களால் முடிந்தது. ஆனால் ஏட்டிலிருந்த சமஸ்கிருதம் அவர்களுக்கு எட்டாமலிருந்தது. சாஸ்திரம் ஒரு தெருவிலும் தொழில் மற்றொரு தெருவிலும் குடியிருந்தன; இரண்டு தெருவாரும் ஒருவர் வீட்டில் ஒருவர் நுழைவதில்லை. ராம்ராஸ் இரு தெருவுக்கும் நடந்தார். தொழில் அறிந்த சிற்பியையும் மொழி அறிந்தவரையும் துணைக்கொண்டு, சொல்லுக்கு உறுப்பையும் உறுப்புக்குச் சொல்லையும் பொருத்திப் பார்த்து, கோயில்களில் கண்டவற்றை ஏட்டின் அளவைகளோடு ஒப்பிட்டு, 48 சித்திரப் பலகைகளோடு ஒரு நூலை எழுதி முடித்தார். இந்துக்களின் கட்டடக்கலை பற்றிய அந்தக் கட்டுரை நூலை லண்டன் ராயல் ஆசியச் சங்கம் 1834இல் வெளியிட்டது. அச்சாகி வந்த பிரதியைப் பார்க்க ராம்ராஸ் உயிரோடு இல்லை.

அந்தச் சித்திரங்களை இன்று பார்ப்பவருக்கு ஒரு வேடிக்கை புலப்படும். உபபீடம், அதிட்டானம், தூண், பிரஸ்தரம் என்று நம் கோயில் உறுப்புகள் யாவும், கிரேக்க ரோமானியத் தூண்களை ஐரோப்பியர் தம் நூல்களில் வரையும் அதே பாணியில், அளவுகோல் இட்டு, மெல்லிய கோடுகளால் வரையப்பட்டிருக்கின்றன. தூணின் பருமனை அலகாகக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் முறை நம் சாஸ்திரத்திலும் உண்டு, ரோமாபுரியின் விட்ருவியஸ் எழுதிய நூலிலும் உண்டு என்பதை ராம்ராஸ் கண்டுகொண்டார். ஆகவே இதுவும் அதற்கு ஈடான ஒரு முறையான சாஸ்திரம் என்பதை அவர்கள் பாஷையிலேயே அவர்களுக்கு எடுத்துக்காட்ட விரும்பினார். இதை அடிமை மனப்பான்மை என்று பின்வந்தோர் சிலர் இகழக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழக்காடு மன்றத்தில் எதிராளியின் சட்டப் புத்தகத்தையே விரித்து வைத்து வாதிடும் நீதிபதியின் சாமர்த்தியமாகவே தோன்றுகிறது.

அவருக்குப் பின் வந்தவர்களில் பெரும்பெயர் பெற்றவர் ஜேம்ஸ் பெர்குசன். 1808இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, கல்கத்தாவில் அவுரி வியாபாரம் செய்து பொருளீட்டி, அந்தப் பொருளையும் பொழுதையும் நாடெங்கும் சுற்றிக் கட்டடங்களை வரைவதில் செலவிட்ட ஒரு விசித்திர மனிதர். ஏட்டை நம்பாதே, கல்லை நம்பு என்பது அவர் கொள்கை. 1876இல் வெளிவந்த அவருடைய இந்திய, கீழைநாட்டுக் கட்டடக்கலைச் சரித்திரமே இத்துறையில் முதல் முழுநூல். நம் கோயில்களைத் திராவிடப் பாணி என்று ஒரு தலைப்பின்கீழ் நிலைபெறச் செய்ததும் அதுவே. கண் கூர்மையானதுதான், ஆனால் அந்தக் கண்ணுக்குப் பின்னே ஐரோப்பாவின் பெருந்தேவாலயம் ஒன்று எப்போதும் நின்றுகொண்டிருந்தது. திருவாரூரையும் திருவரங்கத்தையும் பார்த்துவிட்டு, வெளிக் கோபுரம் மிக உயரம், உட்கோபுரங்கள் வரவரச் சிறியவை, நடுவில் மூலஸ்தானமோ கண்ணுக்கே தென்படாத அளவுக்குத் தாழ்ந்தது, இது தலைகீழான அமைப்பு என்று குறைப்பட்டார். திருவரங்கத்தின் அமைப்பைப் புரட்டி உள்ளே உயரமும் வெளியே தாழ்வுமாக வைக்க முடிந்தால் தென்னாட்டிலேயே சிறந்த கோயில்களுள் ஒன்றாகிவிடும் என்பது அவர் அபிப்பிராயம். அவர் 1886இல் மறைந்தார். அதற்கு 101 ஆண்டுகளுக்குப் பின், 1987இல், திருவரங்கத்தின் தெற்கு வாயிலில் அதுவரை மொட்டையாக நின்ற கோபுரம் 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு எழுந்து முடிந்தது. பெர்குசன் இருந்து பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

சரித்திரம் என்பது எப்போது, யாரால், எதன்பின் எது என்று விசாரிப்பது. தத்துவம் என்பது ஏன் அப்படி என்று விசாரிப்பது. கட்டடக்கலை மாணவன் இவ்விரண்டையும் ஒன்றாகவே படிக்க வேண்டியிருப்பதன் காரணம் திருவரங்கத்தில் தெளிவாகிறது. கோயில் ஒரே நாளில் ஒரே மனத்தில் தோன்றியதன்று; நடுவிலிருக்கும் பழைய, சிறிய, புனிதமான அறையைத் தொட மனமின்றி, ஒவ்வொரு காலத்து அரசரும் அதற்கு வெளியே ஒரு மதிலும் அதற்கேற்ற வாயிலும் கட்டி வைத்தனர் என்ற சரித்திரம் தெரிந்தால், ஏன் உள்ளே சிறிது, வெளியே பெரிது என்ற கேள்விக்கு விடையும் உடன் வந்துவிடுகிறது. உள்ளே செல்லச் செல்ல வானம் குறைந்து, வெளிச்சம் குறைந்து, கடைசியில் ஒற்றை விளக்கின் முன்னே போய் நிற்கும் பக்தனுக்கு உச்சிக் கோபுரத்தின் தேவை என்ன? பெர்குசன் தூரத்தில் நின்று பார்த்தார். கோயிலோ உள்ளே நடந்து பார்ப்பதற்காகக் கட்டப்பட்டது.

தம்மை மறுத்த ஓர் இந்தியரை அவர் எதிர்கொண்ட விதம் இதைவிட வருந்தத்தக்கது. ஒரிசாவின் தொல்பொருள்களைப்பற்றி எழுதிய வங்காள அறிஞர் ராஜேந்திரலால் மித்திரா, இந்தியக் கற்கட்டடக் கலை கிரேக்கரிடம் கற்றதன்று என்று வாதிட்டபோது, பெர்குசன் 1884இல் அவரைக் கண்டிப்பதற்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். அதில் ஆராய்ச்சி எவ்வளவு உண்டோ அவ்வளவு, ஆளப்படும் சாதியான் ஆள்வோனுக்குப் பாடம் சொல்லலாமா என்ற சினமும் உண்டு.

இவ்வளவுக்கும் பிறகு, அந்த நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில மாணவர்களுக்காக பானிஸ்டர் பிளெட்சரும் அவர் மகனும் எழுதி 1896இல் வெளியிட்ட உலகக் கட்டடக்கலைச் சரித்திரம், பின்வந்த பதிப்புகளில் ஒரு மரத்தின் படத்தைத் தாங்கி வந்தது. கிரேக்கமும் ரோமும் அடிமரம்; ஐரோப்பியப் பாணிகள் மேற்கிளைகள்; இந்தியா, சீனா முதலியவையோ பக்கத்தில் துளிர்த்து மேலே வளராமல் நின்றுவிட்ட கொம்புகள். அவற்றுக்குச் சரித்திரமில்லாப் பாணிகள் என்று பெயரும் சூட்டப்பட்டது. இந்த நூலே தலைமுறை தலைமுறையாக நம் கல்லூரிகளிலும் பாடநூல். நான் அயோனிக் சுருளோடு ஒரு வாரம் மல்லுக்கு நின்றதன் மூலகாரணம் இந்த மரத்தில்தான் இருக்கிறது.

சரித்திரமில்லை என்று சொன்னவர்களுக்குக் கல்லே விடை வைத்திருந்தது. 1858இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரி, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஒரே நீண்ட சுருளாக்கினார். எழுத்து தாளுக்கு வந்துவிட்டது, படிப்பார்தான் இல்லை. 1886இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் அவற்றைப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் வெளியிட்ட பின்னரே, கோயிலைக் கட்டியவர் யார் என்பதுபற்றி அதுவரை வழங்கிய செவிவழிக் கதைகள் அடங்கி, முதலாம் ராஜராஜனின் பெயர் ஐயமற நிலைபெற்றது. அக்கல்வெட்டுகளில் அரசனுக்கும் அரசியருக்கும் மட்டுமன்று, வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்னும் ஒருவருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. பெருந்தச்சன் என்ற அந்தப் பட்டத்தைக் கவனிக்க வேண்டும்: கல்லில் கட்டியவரும் தச்சரே. போதிகை மரத்திலிருந்து வந்தது என்று மேலே சொன்னேனே, அதற்கு மொழியும் சாட்சி சொல்கிறது.

கல்வெட்டு இருக்கும் கோயில் பேசும். இல்லாத கோயில்களை என் செய்வது? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சுக்காரர். நான் சொல்லவந்த கதையின் உயிர்நிலை இவரே. 1885இல் சைகோனில் பிறந்தவர்; விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்று கோயில்களைப் பார்ப்பதே பொழுதுபோக்காய், பின்னர் தவமாய்க் கொண்டவர். தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய அவருடைய நூல் இரண்டு பாகங்களாக 1914இல் பாரிசில் வெளிவந்தது; அதன் கட்டடக்கலைப் பகுதியின் சாரம், பேராசிரியர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் பதிப்பிக்க, 1917இல் ஆங்கிலத்தில் சென்னையில் வெளியாயிற்று.

அவர் முறை மிக எளியது. எளியது என்பதாலேயே அதுவரை ஒருவருக்கும் தோன்றாதது. காலம் உறுதியாகத் தெரிந்த கோயில்களை முதலில் எடுத்துக்கொண்டார். அவற்றின் பெரிய உருவத்தை விட்டுவிட்டு, சிறிய உறுப்புகளை மட்டும் நோக்கினார்: தூண், போதிகை, கூரை விளிம்பான கபோதத்தின்மீது வரிசையாக இருக்கும் கூடு, மாடக்குழி, பஞ்சரம். கோயிலின் பொது அமைப்பு நூற்றாண்டுகள் கடந்தும் பெரிதும் மாறுவதில்லை. ஆனால் சிற்பியின் கை அறியாமலே சிறு அலங்காரம் மட்டும் தலைமுறைதோறும் இம்மியளவு நகர்ந்துகொண்டிருக்கிறது. தொழிலில் இருந்த சிற்பிகள் வழங்கிய பெயர்களையே அந்த உறுப்புகளுக்கு அவர் கையாண்டார் என்பதும் குறிப்பிடத்தக்கது. இவ்வாறு நகர்ந்த வரிசையை அமைத்துக்கொண்டு, 600 முதல் 850 வரை பல்லவர், 850 முதல் 1100 வரை சோழர், 1100 முதல் 1350 வரை பிற்காலச் சோழரும் பாண்டியரும், 1350 முதல் 1600 வரை விஜயநகரம், அதன்பின் மதுரைப் பாணி என்று ஐந்து படிகளாக வகுத்தார்.

போதிகையை மட்டும் இங்கு அருகில் நின்று பார்ப்போம். பல்லவர் காலத்துப் போதிகையின் அடிவிளிம்பு வளைந்தது. அந்த வளைவின்மீது உருளைகளை அடுக்கி வைத்தாற்போல் அலையலையாக வரிகள் ஓடும். நடுவே ஒரு பட்டை அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கும். தரங்கப் போதிகை என்பர் இதனை. தரங்கம் என்றால் அலைதானே. சோழர் காலத்துக்கு வந்தால் அலை மறைகிறது. வளைவுக்குப் பதிலாகச் சாய்வாக ஒரே வெட்டு. அதன் நடுவில் முளைபோல் சிறிது முன்தள்ளிய ஒரு துண்டு. வெட்டுப் போதிகை என்று இதற்குப் பெயர். அலங்காரமே இல்லாத இந்தக் கம்பீரத்தைத் தஞ்சைப் பெரிய கோயிலின் காலத்தவர்கள்தாம் துணிந்து வைத்திருக்க முடியும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அந்த முளை அடுத்த காலத்தில் சற்று நீண்டு, நுனி திரண்டு, மணிபோல் ஆகிறது. விஜயநகரக் காலத்தில் அது தாமரை மொட்டாகிக் கீழ்நோக்கித் தலை கவிழ்கிறது. நாயக்கர் மண்டபங்களில் மடல் விரிந்த வாழைப்பூவாய்த் தொங்குகிறது. அலை வெட்டாகி, வெட்டு முளையாகி, முளை மொட்டாகி, மொட்டு பூவான இந்த ஆயிரமாண்டுக் காலப் பரிணாமத்தில் எந்தக் கட்டத்திலும் ஒருவரும் புதிதாக ஒன்றைப் படைக்கிறோம் என்று நினைத்திருக்கமாட்டார்கள். அப்பன் செய்ததையே மகன் சிறிது அழகாகச் செய்தான், அவ்வளவே.

துப்ரேயின் முறையில் குறை இல்லாமலில்லை. பழைய தூண்களைப் பெயர்த்துப் புது மண்டபத்தில் நிறுத்துவது நம் நாட்டில் சர்வசாதாரணம். அதை அறியாமல் போதிகையை மட்டும் பார்த்து மண்டபத்துக்கு வயது சொன்னால் தடுமாற வேண்டியதுதான். பட்டணத்தில் பழசாகிவிட்ட பாணி பட்டிக்காட்டில் இன்னும் இரண்டு தலைமுறை உயிர்வாழ்வதும் உண்டு. ஆயினும் பின்னாளில் பல்லவர் குடைவரைகளைப்பற்றி எழுதிய கே.ஆர். சீனிவாசன், முற்காலச் சோழர் கலையைப்பற்றி எழுதிய எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம் முதலியோர் அவரைத் திருத்தியும் விரித்தும் எழுதினார்களேயன்றி, அவர் போட்ட அடித்தளத்தைப் பெயர்க்கவில்லை.

பல்கலைக்கழகங்கள் இத்துறையை மெதுவாகவே தம் திண்ணைக்கு அழைத்தன. அலகாபாத்தில் சமஸ்கிருதப் பேராசிரியராயிருந்த பிரசன்ன குமார் ஆசார்யா, இலக்கண வழு மலிந்த மானசாரத்தோடு ஆயுள் முழுதும் போராடி, 1927இல் கட்டடக்கலைச் சொற்களுக்கு அகராதியும், பின்னர் மூல நூலின் பதிப்பும் மொழிபெயர்ப்பும் கொண்டுவந்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் போதித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் என்னும் ஆஸ்திரிய அம்மையார் 1946இல் வெளியிட்ட இந்துக் கோயில் பற்றிய நூல், எப்போது, எவர் என்ற கேள்விகளை ஒதுக்கி வைத்து, கருவறை ஏன் இருட்டு, சிகரம் ஏன் மலை என்பவற்றை மட்டும் விசாரித்தது. இவை சமஸ்கிருத மாணவர்க்கும் கலைச் சரித்திர மாணவர்க்கும் உரியவையாக நின்றுவிட்டன. கட்டடம் கட்டப் படிக்கும் மாணவனின் மேசைக்கு வரவில்லை. பம்பாய் ஜே.ஜே. கலைக்கல்லூரியில் மட்டும், கிளாடு பாட்லி என்னும் ஆங்கிலேயர் தம் மாணவர்களைப் பழைய கட்டடங்களுக்கு அனுப்பி, நாடா பிடித்து அளந்து வரைந்து வரச் செய்தார். அவர் செய்த பெரிய உபகாரம் அதுதான் என்பது என் துணிபு. கண் மறந்துவிடுவதைக் கை மறப்பதில்லை.

தமிழ்நாட்டுக்கு 1957 ஒரு வினோதமான ஆண்டு. அவ்வாண்டில்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறை தோன்றியது; பிற்காலத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதியான கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி அதுவே. அதே ஆண்டில், அங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தெற்கே, மாமல்லபுரத்தில், வைத்தியநாத ஸ்தபதியைத் தலைவராகக் கொண்டு அரசினர் சிற்பக் கல்லூரியும் தோன்றியது. சென்னையில் கட்டடக்கலை படித்தவர்கள், சண்டிகரில் எழும்பிக்கொண்டிருந்த புது நகரத்தையும், பழையதைப் பார்ப்பது புதியதைச் சிந்திக்கத் தடையாகும் என்று அக்காலத்தில் மேல்நாட்டில் செல்வாக்குப் பெற்றிருந்த கொள்கையையும் நோக்கியிருந்தனர். மாமல்லபுரத்தில் படித்தவர்களோ முழக்கோல் பிடித்து, எட்டு யவை ஓர் அங்குலம், இருபத்துநான்கு அங்குலம் ஒரு முழம் என்று வாய்ப்பாடு சொல்லி, கட்டடத்தின் அளவுகள் நன்மை தருமா என்று பார்க்கும் ஆயாதிப் பொருத்தம் கணித்துக்கொண்டிருந்தனர். ராம்ராஸ் நடந்து இணைத்த இரண்டு தெருக்களும், இம்முறை அரசாங்கத்தின் செலவிலேயே, மறுபடி இரண்டாயின.

இதைக் கடக்க முயன்றவர்கள் இல்லை என்று சொல்லமாட்டேன். வைத்தியநாத ஸ்தபதியின் குமாரரும், கல்லூரியில் கணிதம் படித்தவரும், மாமல்லபுரத்தில் நெடுங்காலம் முதல்வராயிருந்தவருமான கணபதி ஸ்தபதி, பரம்பரைத் தொழிலைப் பாடநூலாக்க வேண்டும் என்று சிற்பச் செந்நூல் எழுதினார். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை எழுப்பி, கடற்காற்றுக்கும் அலைக்கும் நடுவே முழக்கோல் கணக்கு நிற்கும் என்று காட்டினார். புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த புருனோ தாழான், மயமதத்தைச் செம்மையாகப் பதிப்பித்து மொழிபெயர்த்து, படங்களோடு விளக்கினார்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஆண்டில், துப்ரேயின் நூலை நூலகத்தில் கண்டெடுத்துப் போதிகைப் பைத்தியம் பிடித்து அலைந்துகொண்டிருந்த காலத்தில், காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் திருப்பணி நடந்துகொண்டிருந்த கோயிலுக்குப் போனேன். கொட்டகையில் ஒரு முதிய ஸ்தபதி, தொங்கும் பூவின் கடைசி மடலைக் கொத்திக்கொண்டிருந்தார். நோட்டுப் புத்தகத்தை விரித்து, இது எந்தக் காலத்து அமைப்பு தெரியுமா ஐயா என்று சற்றுக் கர்வத்தோடேயே கேட்டேன். அவர் உளியை நிறுத்தாமல், "எங்க தாத்தா காலத்து அமைப்பு, தம்பி" என்றார். எதற்காக இதைப் பூவாகத் தொங்கவிட வேண்டும், வெட்டாகவே விட்டால் என்ன என்று கேட்டேன். இப்போது நிமிர்ந்து பார்த்தார். "பளு எங்க எறங்குதுன்னு கண்ணுக்குத் தெரியணும் தம்பி. தெரியாட்டி, தூணு நின்னாலும் நிக்கிற மாதிரி இருக்காது." பல்லவர் என்ற பெயரை அவர் கேட்டிருந்ததாகவே தெரியவில்லை, பின்பக்கம் கிடந்த தரங்கப் போதிகை ஒன்றைக் காட்டியபோது, அதன் அலைகளைப் பெருவிரலால் தடவி, "பழைய வேலை, கல்லைக் கொஞ்சி எடுத்திருக்கான்" என்று மட்டும் சொன்னார். நான் அன்று குறித்துக்கொண்ட அளவுகள் எல்லாம் தொலைந்துபோயின. அந்த இரண்டு வாக்கியங்கள் போகவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின் அதே ஊருக்குப் போனபோது கோயில் பளபளவென்று இருந்தது. அழுக்குப் போக மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்திருந்தார்கள். அதில் கல்வெட்டெழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. தரங்கப் போதிகை கிடந்த இடத்தில் சிமெண்டுத் தளம் போட்டிருந்தது. கேட்டதற்கு, உடைந்த கல்லையெல்லாம் கரையில் கொட்டிவிட்டதாகச் சொன்னார்கள்.

இதைப் படிப்பவர்களில் கட்டடக்கலை மாணவர் எவரேனும் இருந்தால் அவருக்கு ஒரு விண்ணப்பம். அயோனிக் சுருளை வரையுங்கள். வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணிக்குச் சாரம் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், அதற்கு முந்தின வாரமே ஒரு நாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு போதிகையையும் அளந்து வரைந்து, தேதி போட்டு வைத்துவிடுங்கள்; வேலை செய்ய வரும் ஸ்தபதி ஒவ்வோர் உறுப்புக்கும் என்ன பெயர் சொல்கிறாரோ அதைப் படத்தின் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.